நம் கணினியில் ஓடும் அறியா நிரல்கள்
(வெள்ளி விழாவின் இளைஞர் அரங்கில் படிப்பகக் குழுவின் சார்பில் நிகழ்த்திய உரை)

    

வெள்ளி விழா மேடையில் கணினியைப் பற்றியா பேசுவது என்று நம்முள் சிலர் கேட்டனர். சங்கத்தின் தொடக்க நாள்களைப் பற்றியும் மாலை வகுப்புகளைப் பற்றியும் பேசுவதற்கு மூத்தோர் இருக்கின்றனர். நம்மிடம் ஒப்படைக்கப்பட்டிருப்பது படிப்பகத்தின் பொறுப்பு. அங்கே புத்தக அலமாரிக்கு அடுத்தபடியாக மிகுதியும் பயன்படுவது மூலையில் இருக்கும் அந்தப் பழைய கணினிதான். நம் பிள்ளைகளின் உதவித்தொகை விண்ணப்பங்கள் அதன் வழியாகத்தான் செல்கின்றன. சாதிச் சான்றிதழும், வருமானச் சான்றிதழும், வங்கிக் கணக்குப் புத்தகத்தின் முதல் பக்கமும் அதற்குள்தான் படமாகச் சேர்ந்து கிடக்கின்றன. ஆகவே அந்தக் கணினிக்குள் நம் கண்ணுக்குப் படாமல் என்ன நடக்கிறது என்பது சங்கத்தின் கவலையே ஆகும்.

நடந்த ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறோம். அது நம் தவறு; மறைப்பதில் பயனில்லை.

சில ஆண்டுகளுக்கு முன், உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கும் கடைசி நாளுக்கு நான்கு நாள்களே இருந்த வேளையில், கணினி நகர மறுத்தது. உள்ளே விசிறி இரைந்தது. ஓர் எழுத்தைத் தட்டினால், அது திரைக்கு வந்து சேர்வதற்குள் அடுத்த எழுத்தை மறந்துவிடுவோம். தம்பி ஒருவர் டாஸ்க் மேனேஜரைத் திறந்து பார்த்தார். அப்போது ஓடிக்கொண்டிருக்கும் நிரல்களையெல்லாம் வரிசையாகக் காட்டும் பலகை அது. வரிசையின் உச்சியில், 'எம்எஸ்எம்பிஇங்' என்று வாயில் நுழையாத பெயருடன் ஒரு நிரல், கணினியின் உழைப்பில் பாதிக்கு மேல் விழுங்கிக்கொண்டிருந்தது. யாரும் அதை நிறுவவில்லை. யாரும் அதன் பெயரைக் கேட்டதில்லை. 'வைரஸ்' என்று ஒருவர் சொன்னார். அவ்வளவுதான், அந்தச் சொல் அறை முழுவதும் பரவிவிட்டது. பழுது பார்ப்பவரை அழைத்து வந்தோம். அவரும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, எல்லாவற்றையும் அழித்துப் புதிதாக ஏற்ற வேண்டும் என்றார். சரி என்றோம். 60 பிள்ளைகளுக்கு மேற்பட்டவர்களின் சான்றிதழ்ப் படங்கள் அன்று மாலையே அழிந்து போயின. வேறோரிடத்தில் படி எடுத்து வைக்கவில்லை.

மறுநாள் புதிதாக்கப்பட்ட கணினியைத் திறந்தோம். சிறிது நேரத்தில் அதே பெயர் பட்டியலில் வந்து நின்றது. அதன் பிறகே விசாரித்தோம். அது விண்டோசின் உடன்பிறந்த காவலாளி. மைக்ரோசாஃப்ட் டிஃபெண்டர் என்னும் நச்சுநிரல் தடுப்பின் இயங்கு பகுதிதான் அந்தப் பெயரில் ஓடுகிறது. கோப்புகளை ஒவ்வொன்றாகச் சோதிக்கும்போது பழைய கணினிகளை அது மூச்சு முட்ட வைப்பதுண்டு. இரவு முழுவதும் ஓடவிட்டிருந்தால், சோதனையை முடித்துவிட்டுத் தானே அடங்கியிருக்கும். காவலாளியையே கள்வன் என்று பிடித்துக் கட்டிவிட்டு, வீட்டையும் கொளுத்தினோம். பிறகு, வேலைக்குப் போயிருந்த பெற்றோரைத் தேடி, மூலச் சான்றிதழ்களை வாங்கி வந்து, கடைசி நாள் நள்ளிரவு வரை மீண்டும் படமெடுத்து அனுப்பினோம். இரண்டு பிள்ளைகளின் விண்ணப்பங்கள் உரிய நேரத்தில் போய்ச் சேரவில்லை. அவர்களுள் ஒருவர் இப்போது இந்த அவையில் அமர்ந்திருக்கிறார்.

இத்தகைய தவறைச் செய்தவர்களில் நாம் முதல்வர் அல்லர் என்பது சிறிதளவு ஆறுதல். 2002-ஆம் ஆண்டில் உலகெங்கும் ஒரு மின்னஞ்சல் சுற்றி வந்தது. உங்கள் கணினியில் 'ஜேடிபிஜிஎம்ஜிஆர்' என்றொரு கோப்பு இருக்கும், அதன் அடையாளப் படம் ஒரு கரடி பொம்மை, அது நச்சுநிரல், எந்தத் தடுப்பு மென்பொருளும் அதைக் கண்டுபிடிக்காது, உடனே அழித்துவிட்டு உங்களுக்குத் தெரிந்தவர்க்கெல்லாம் சொல்லுங்கள் என்றது அது. பார்த்தவர்கள் திகைத்தனர், சொன்னபடியே கரடி பொம்மை இருந்தது! பலர் அழித்தனர். உண்மையில் அது ஜாவா நிரல்களின் பிழை திருத்துவோருக்காக விண்டோசுடன் வந்த நேர்மையான கோப்பு. அதற்கு முந்தைய ஆண்டில் 'எஸ்யுஎல்எஃப்என்பிகே' என்னும் மற்றொரு கோப்பின் மீது இதே பழி சுமத்தப்பட்டது. அந்த மின்னஞ்சல்களுக்குள் நச்சுநிரல் எதுவும் இல்லை. அழிவைச் செய்தவர்கள் நல்லெண்ணம் கொண்ட மனிதர்களே. தடுப்பு மென்பொருள் கண்டுபிடிக்காது என்று முன்னதாகவே சொல்லி வைத்தது அந்தச் சூழ்ச்சியின் நுட்பம். சோதித்துப் பார்க்கும் வாயிலை அது முதலிலேயே அடைத்துவிட்டது.

இதைக் கேட்டுவிட்டு, அறியாத நிரலையெல்லாம் விட்டுவிடலாம் போலும் என்று எவரும் எண்ணிவிடலாகாது. அந்தத் தவறையும் நாம் செய்திருக்கிறோம். ஆண்டு மலருக்கான அச்சு வேலைக்காக, விலை கொடுத்து வாங்க வேண்டிய மென்பொருள் ஒன்றின் பூட்டுடைத்த பிரதியை ஒருவர் பென்டிரைவில் கொண்டு வந்தார். ஏற்றும்போது டிஃபெண்டரை அணைத்து வைக்கும்படி அதனுடன் வந்த குறிப்பு சொன்னது. அணைத்தோம்! காவலாளியை வெளியே அனுப்பிவிட்டுக் கதவைத் திறக்கச் சொல்பவன் எதற்காகச் சொல்கிறான் என்று கேட்க நமக்குத் தோன்றவில்லை. சில நாள்களில் நம் சங்கத்தின் மின்னஞ்சல் முகவரியிலிருந்து யார் யாருக்கோ கடிதங்கள் போயின. உலாவியில் சேமித்து வைத்திருந்த கடவுச்சொற்களைத் திருடும் நிரல் அது என்று பின்னர்த் தெரிந்தது. மாணவர்களின் கடவுச்சொற்கள் அனைத்தையும் வேறொரு கணினியில் அமர்ந்து மாற்றி முடிக்க ஒரு வாரம் பிடித்தது.

ஆக, அஞ்சியும் கெட்டோம், அஞ்சாமலும் கெட்டோம். அதன் பின் நாம் கைக்கொண்ட முறையைத்தான் இங்கே விரித்துரைக்க விரும்புகிறோம். எடுத்துக்காட்டாக ஒரே ஒரு நிரலை எடுத்துக்கொள்வோம். அதன் பெயர் 'எஸ்விசிஹோஸ்ட்'.

கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் ஒருசேர அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். விவரப் பகுதிக்குச் சென்றால், இந்த ஒரே பெயர் பத்து, இருபது, ஐம்பது முறைகூடத் தோன்றும். முதன்முறை பார்ப்பவர் கலங்காமல் இருக்க முடியாது. விண்டோசின் சேவைகள் பல தனித்து ஓடக் கூடியவை அல்ல. வலையிணைப்புக்கு ஒன்று, கடிகாரத்துக்கு ஒன்று என்று இருக்கும் அச்சேவைகளைத் தன் மடியில் தாங்கி நடத்துவதே இந்நிரலின் தொழில். முன்னாளில் பல சேவைகளை ஒரே மடியில் திரளாக அமர்த்தினர். 2017-ஆம் ஆண்டில் வந்த விண்டோஸ் 10-இன் ஒரு பதிப்பு முதல், மூன்றரை ஜிபிக்கு மேல் நினைவகம் உள்ள கணினிகளில் பெரும்பாலான சேவைகளுக்குத் தனித்தனி மடி. ஒன்று கெட்டால் மற்றொன்று கெடாதிருக்க அந்த ஏற்பாடு. எண்ணிக்கை பெருகியதற்கு இதுவே காரணம். ஆதலால் ஐம்பது இருக்கிறதே என்பதற்காக ஐயுற வேண்டியதில்லை.

ஆனால் கள்வனுக்கும் இது தெரியும். ஐம்பது பேர் ஒரே சீருடையில் நிற்கும் இடத்தில் ஐம்பத்தோராமவனாகச் சீருடை அணிந்து நிற்பது எளிது. எனவே பெயரை எழுத்தெழுத்தாகப் படிக்க வேண்டும். எஸ், வி, சி என்பது மெய்யான வரிசை. எஸ், சி, வி என்று இடம் மாறியிருந்தால் அது வேடதாரி. 'எல்சாஸ்' என்னும் மற்றொரு விண்டோஸ் நிரலின் முதலெழுத்து ஆங்கிலச் சிறிய எல். அதற்குப் பதிலாகப் பெரிய ஐ எழுத்தைப் போட்டுவிட்டால் திரையில் வேறுபாடே தெரியாது. கோப்புப் பெயரின் வாலை மறைத்துக் காட்டுவது விண்டோசின் இயல்பான ஏற்பாடு என்பதும் நினைவிருக்க வேண்டும். 2000-ஆம் ஆண்டு மே மாதத்தில் காதல் கடிதம் என்று வந்த மின்னஞ்சல் புழு, தன்னைச் சாதாரண எழுத்துக் கோப்புப்போல் காட்டி உலகை அலைக்கழித்தது இந்த மறைப்பினால்தான். அந்த மறைப்பை நம் படிப்பகக் கணினியில் நீக்கி வைத்திருக்கிறோம்.

பெயர் சரியாகவே இருந்தாலும் போதாது. அடுத்து அதன் இருப்பிடத்தைக் கேட்க வேண்டும். பெயரின் மேல் வலப்புறச் சொடுக்குச் செய்தால், கோப்பு இருக்கும் இடத்தைத் திறக்கும் வரி ஒன்று தோன்றும். மெய்யான எஸ்விசிஹோஸ்ட், விண்டோஸ் கோப்புறைக்குள் சிஸ்டம்32 என்னும் உள்ளறையில் இருக்கும். அதன் 32-பிட் உடன்பிறப்பு சிஸ்வாவ்64 என்னும் அறையில் இருக்கும். 64 என்று பெயரிட்ட அறையில் 32-ஐ வைத்த விந்தையை நாம் கேள்வி கேட்பதற்கில்லை. பழைய நிரல்களோடு ஒத்துப்போக அப்படி அமைத்துவிட்டனர். இவ்விரண்டும் அல்லாமல், பயனரின் தற்காலிகக் கோப்புறையிலோ, பதிவிறக்கக் கோப்புறையிலோ இருந்துகொண்டு அப்பெயரைச் சொல்லுமானால், அதை நம்பக் கூடாது. இன்னும் நுணுகிப் பார்க்க விரும்புவோர், விவரப் பகுதியில் கட்டளை வரி என்னும் பத்தியைச் சேர்த்துக்கொள்ளலாம். மெய்யானதன் கட்டளையில் பெயரை அடுத்து ஒரு கோடும் 'கே' என்ற எழுத்தும், பின்னர்ச் சேவைக் குழுவின் பெயரும் வரும்.

பெயர் என்ன, எந்தத் தெரு, உனக்குச் சான்று சொல்பவர் யார் என்று கேட்கும் கேள்விகளை நம் பாட்டன்மார் எத்தனை வாசல்களில் கேட்டிருப்பர்! மனிதனிடம் கேட்டால் இழிவான அக்கேள்விகளை ஓர் இயந்திர நிரலிடம் கேட்கும்போது நம் நா சற்றே தயங்குகிறது. தயங்க வேண்டியதில்லை, தோழர்களே. மனிதன் நம் அனுமதி பெற்றுப் பிறக்க வேண்டியவன் அல்லன். நம் கணினியில் ஓடும் நிரல் நம் அனுமதியால் மட்டுமே ஓட வேண்டியது.

சான்று சொல்பவர் யார் என்பதே அடுத்த கேள்வி. கோப்பின் பண்புகளைத் திறந்தால் டிஜிட்டல் கையொப்பம் என்னும் பகுதி இருக்கும். வெளியிட்ட நிறுவனத்தின் பெயரும், கையொப்பம் செல்லுமா என்பதும் அங்கே தெரியும். கையொப்பமிட்ட பின் கோப்பில் ஓர் எழுத்து மாறினாலும் கையொப்பம் செல்லாததாகிவிடும். எனினும் இதற்கும் எல்லை உண்டு. விண்டோசின் சொந்தக் கோப்புகள் சிலவற்றுக்குக் கையொப்பம் தனிப் பட்டியல் ஒன்றில் இருக்குமேயன்றிக் கோப்பில் ஒட்டியிராது; பண்புகளில் அப்பகுதியே காணப்படாது. அது கண்டு கள்வன் என்று தீர்ப்பளித்துவிடக் கூடாது. மறுபுறம், 2010-இல் வெளிப்பட்ட ஸ்டக்ஸ்நெட் என்னும் புழு, தைவான் நாட்டு நிறுவனங்கள் இரண்டினிடமிருந்து திருடிய சான்றுகளால் கையொப்பமிடப்பட்டிருந்தது. 2017-இல் சிசிகிளீனர் என்னும் பெயர்பெற்ற துப்புரவு மென்பொருளின் ஒரு பதிப்பில், வெளியிடுவதற்கு முன்பே நச்சு புகுத்தப்பட்டது. நிறுவனத்தின் செல்லுபடியான கையொப்பத்துடனேயே அது 22 லட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகளைச் சென்றடைந்தது. முத்திரை இருக்கிறது என்பது யார் அனுப்பியது என்பதைச் சொல்லும். உள்ளே என்ன இருக்கிறது என்பதைச் சொல்லாது.

இருப்பிடச் சோதனைக்கும் விலக்குகள் உண்டு. நாம் அழித்த அந்தக் காவலாளி சிஸ்டம்32-இல் இருப்பதில்லை. ப்ரோகிராம்டேட்டா என்னும் கோப்புறைக்குள் டிஃபெண்டரின் சொந்த அறையில் இருக்கிறது. இணையவழி வகுப்புகளுக்கு நாம் பயன்படுத்தும் ஜூம், பயனரின் ஆப்டேட்டா கோப்புறையில் அமர்வது வழக்கம். நச்சுநிரல்கள் ஒளிய விரும்பும் இடமும் அதுவே. ஆகவே ஒரு விடையைக் கொண்டு முடிவு கட்டாமல், விடைகள் ஒன்றோடொன்று பொருந்துகின்றனவா என்றே பார்க்க வேண்டும். மைக்ரோசாஃப்ட் என்று பெயர் சொல்லிக்கொண்டு, கையொப்பமின்றித் தற்காலிகக் கோப்புறையில் ஒன்று இருக்குமானால், அங்கே பொருத்தம் கெடுகிறது. நாம் ஏற்றிய அச்சுப்பொறியின் நிரல், அந்த அச்சுப்பொறி நிறுவனத்தின் கையொப்பத்துடன், நாம் ஏற்றிய அதே தேதியில் வந்திருக்குமானால், பெயர் புரியாவிட்டாலும் கதை பொருந்துகிறது. கோப்பு உருவான தேதியைப் பார்த்து, அன்று நாம் என்ன செய்தோம் என்று நினைவுகூர்வது பல வேளைகளில் மற்றெல்லாச் சோதனைகளையும்விட விரைவாக விடை தரும்.

இன்னும் ஐயம் தீராவிட்டால் வைரஸ்டோட்டல் என்னும் சேவை உண்டு. 2004-இல் ஸ்பெயின் நாட்டில் தொடங்கப்பட்டு, 2012-இல் கூகுளின் உடைமையானது அது. ஏறத்தாழ எழுபது தடுப்பு மென்பொருள்களின் கருத்தை ஒரே இடத்தில் காட்டும். எழுபதில் ஒன்றிரண்டு மட்டும் ஐயம் தெரிவித்தால் அது பிழையான எச்சரிக்கையாகவும் இருக்கலாம். நாற்பது, ஐம்பது தெரிவித்தால் வாதாட இடமில்லை. இங்கே ஓர் எச்சரிக்கையை அழுத்திச் சொல்கிறோம். அங்கே ஏற்றப்படும் கோப்புகள் பாதுகாப்பு நிறுவனங்களுக்கும் கட்டணம் செலுத்துவோருக்கும் கிடைக்கும். பிள்ளைகளின் சான்றிதழ்களையோ வங்கித் தாள்களையோ ஒருபோதும் அங்கே ஏற்றக் கூடாது. நிரலின் கைரேகை போன்ற ஹாஷ் எண்ணை மட்டும் கொடுத்துத் தேடினாலே போதும். மார்க் ருசினோவிச் என்னும் வல்லுநர் உருவாக்கிய ப்ராசஸ் எக்ஸ்ப்ளோரர் என்னும் கருவி, அந்த எண்ணைத் தானே கணக்கிட்டு அனுப்பி விடை பெற்றுத் தரும். ஆட்டோரன்ஸ் என்னும் அதன் உடன்பிறப்பு, கணினி தொடங்கும்போதே தாமாக எழும் நிரல்கள் அனைத்தையும் பட்டியலிடும். இரண்டும் மைக்ரோசாஃப்டின் தளத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. நிரலின் பெயரை இணையத்தில் தேடினால் முதலில் வருபவை பெரும்பாலும் கடைக்காரர்களின் பக்கங்கள். எந்தப் பெயரைத் தேடினாலும் ஆபத்து என்று சொல்லி, தங்கள் துப்புரவு மென்பொருளை ஏற்றச் சொல்லும். அவற்றைக் கடந்து வாருங்கள்.

அதே ருசினோவிச் 2005-ஆம் ஆண்டு அக்டோபர் இறுதியில் ஒன்றைக் கண்டு உலகிற்கு அறிவித்தார். சோனி பிஎம்ஜி நிறுவனம் விற்ற இசைத்தட்டுகள் சிலவற்றைக் கணினியில் இட்டதும், நகலெடுப்பதைத் தடுக்கும் நிரல் ஒன்று ஏறிக்கொண்டது. குறிப்பிட்ட சில எழுத்துகளில் தொடங்கும் எந்தக் கோப்பையும், எந்த நிரலையும் அது பட்டியல்களிலிருந்தே மறைத்தது. பெரும் எதிர்ப்பு எழுந்த பின் தட்டுகள் திரும்பப் பெறப்பட்டன. பட்டியலில் இருப்பதைப் பற்றியே இதுவரை பேசினோம். பட்டியலே பொய் சொல்லக்கூடும் என்பதற்கு இது சான்று. அத்தகைய ஐயம் எழுந்தால், டிஃபெண்டரின் ஆஃப்லைன் சோதனையை நடத்த வேண்டும். விண்டோஸ் முழுமையாக எழுவதற்கு முன்பே அது சோதிப்பதால், ஒளிந்திருப்பதற்குத் திரை கிடைப்பதில்லை.

ஐயம் உறுதிப்பட்டால் செய்ய வேண்டியது யாதெனில், முதலில் இணைய இணைப்பைத் துண்டித்தல். கோப்பைக் கையால் அழிக்கப் புக வேண்டா. தடுப்பு மென்பொருளே அதைத் தனிச் சிறையில் வைக்கட்டும். பின்னர்த் தவறு என்று தெரிந்தால் மீட்டுக்கொள்ளலாம். கண்டபடி நிரல்களை நிறுத்துவதும் கூடாது. 'எல்சாஸ்' போன்ற ஒன்றை நிறுத்தினால் கணினியே படுத்துவிடும். கடவுச்சொற்களை வேறு கருவியிலிருந்து மாற்ற வேண்டும். வங்கியில் பணம் போயிருந்தால் காலம் தாழ்த்தாமல் 1930 என்னும் எண்ணுக்கு அழைக்க வேண்டும். சான்றிதழ்ப் படங்களின் படி ஒன்று, கணினியில் செருகி வைக்கப்படாத தனி வட்டில் இருக்குமானால், எதையும் அழித்துப் புதிதாக ஏற்றுவதற்கு நாம் அஞ்ச வேண்டியதில்லை. அந்தத் தட்டு இப்போது பொருளாளரின் பெட்டகத்தில் இருக்கிறது. மாதம் ஒருமுறை வெளியே எடுக்கிறோம்.

படிப்பகக் கணினியின் அருகில் நீல அட்டையிட்ட குறிப்பேடு ஒன்று நூலில் கட்டித் தொங்குவதைப் பலர் பார்த்திருப்பீர்கள். அறியாத நிரல் ஒன்றைக் கண்டவர் அதன் பெயர், இருப்பிடம், கையொப்பம், கண்ட நாள் ஆகியவற்றை அதில் எழுத வேண்டும் என்பது நம் ஏற்பாடு. விடை கண்டவர் எதிரே எழுதிக் கையொப்பமிட வேண்டும். முதல் பக்கத்தின் முதல் வரியில் அந்தக் காவலாளியின் பெயரே இருக்கிறது. அதை எழுதியவர், விண்ணப்பம் தவறிய அந்த இரண்டு பிள்ளைகளில் ஒருவர். இன்று கல்லூரியில் கணினியியல் பயில்கிறார். குறிப்பேட்டின் கடைசிப் பக்கத்தில் இரண்டு பெயர்களுக்கு எதிரே இன்னும் விடை எழுதப்படவில்லை. கூட்டம் முடிந்ததும் படிப்பகம் இரவு ஒன்பது மணி வரை திறந்திருக்கும்.